செத்த வீட்டுக்கு மண்ணெண்ணெய்

தியாகலிங்கத்துக்கு அழுகை வரும். எல்லாருக்கும்தானே வரும் என்பீர்கள். அப்படியல்ல, அவனுக்கு நினைத்தவுடன் வரும். நீர்வேலிப் பக்கத்தில் எந்தக் கோயில் திருவிழாவில் நாடகம் போட்டாலும் அழுகிற பாத்திரம் அவனுக்குத்தான். நாட்டை இழந்த அரசன், பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன், கண்ணில்லாத பிச்சைக்காரன், எதைக் கொடுத்தாலும் மேடைக்கு வந்து ஒருமுறை மேலே பார்ப்பான். அவ்வளவுதான், பொலபொலவென்று கொட்டும். முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு விம்முவார்கள். அவனைப் பெற்ற நல்லம்மா மட்டும் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருப்பாள். "உவன் சின்னனிலையே உப்பிடித்தான். அடிக்கக் கை ஓங்க முதலே அழுவான்" என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லுவாள்.

சண்டை வந்தது. அவன் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டது. திருவிழாக்களில் நாடகமும் நின்று போயிற்று. கொழும்பிலிருந்து சாமான் வரத் தடை. மண்ணெண்ணெய், பற்றறி, சவர்க்காரம், மருந்து, எதைக் கேட்டாலும் இல்லை. சங்கக்கடையில் குடும்ப அட்டைக்கு அளந்து ஊற்றுகிற மண்ணெண்ணெயை ஜாம் போத்தலுக்குள் விட்டுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள், பெரியவர்கள் சாப்பிட்டார்கள். பிறகு ஊதி அணைத்துவிடுவார்கள். வைத்திருந்தவன் வைத்ததே விலை என்று ஆயிற்று. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு அது.

அந்த நேரம் குடாநாட்டை வைத்திருந்த இயக்கத்தின் காவல்துறைக்குப் பதுக்கல்காரரைப் பிடிக்க ஒரு வழி வேண்டியிருந்தது. சீருடையோடு போனால் கடைக்காரன் வெறும் இறாக்கையைக் காட்டிச் சிரிப்பான். அதனால் சாதாரண ஆட்களை வாங்க அனுப்பி, கையில் அடையாளம் போட்ட காசுத் தாளைக் கொடுத்து, வாங்கும்போது மடக்குவார்கள். அவர்கள் அதற்குச் சோதனைக் கொள்வனவு என்று அழகாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சனம் சொன்னது, ஆள்விட்டுப் பிடிக்கிறது என்று. காவல்நிலையப் பொறுப்பாளர் செல்வரட்ணம் குருநகர்க்காரர். எப்போதோ ஒரு நாடகத்தில் தியாகலிங்கத்தைப் பார்த்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. கூப்பிட்டு அனுப்பினார்.

"அண்ணை, உங்களுக்குச் சீருடை வேண்டாம், துவக்கு வேண்டாம். போய்ச் சாமான் கேக்கவேணும். அவ்வளவுதான்."

"நான் ஆர் எண்டு சொல்லுறது?"

"ஆர் எண்டாலும் சொல்லுங்கோ. அதுதானே உங்களுக்குக் கைவந்த வேலை."

முதலாவதாகப் பட்டணத்தில் ஒரு மருந்து வியாபாரி அகப்பட்டான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தியாகலிங்கம் அவன் முன்னால் அழுதான். அவன் கண்ணைக்கூட நிமிர்த்தவில்லை. "காசிருந்தா எடு. இல்லாட்டி வழியை விடு" என்று பத்து மடங்கு விலை சொன்னான். அவனைப் பிடித்தபோது தெருவில் நின்ற சனம் கைதட்டியது. தியாகலிங்கத்துக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஏன் நிமிராது? பிள்ளைகளின் மருந்தில் கொள்ளையடித்தவன் அல்லவா அவன். அதற்குப் பிறகும் சிலர் மாட்டினார்கள். ஒருத்தன்கூட இவன் அழுகைக்கு இரங்கியவன் இல்லை. தாயிடம் மட்டும் காவல்நிலையத்தில் எழுத்து வேலை என்று சொல்லி வைத்திருந்தான்.

பிறகுதான் ஞானாம்பிகையின் கதை வந்தது.

அச்சுவேலிப் பக்கத்தில் வெங்காயத் தோட்டம் செய்கிற விதவை. ஒரே மகன் ஜேர்மனியில். வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் ஒரு பரல் மண்ணெண்ணெய் இருக்கிறது, வைத்து விற்கிறாள் என்று யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். பரல் இருந்தது உண்மைதான். வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினுக்கென்று கமக்காரர் சங்கத்தால் கொடுத்த எண்ணெயை அவள் துளித்துளியாக மிச்சம் பிடித்து வைத்திருந்தாள். இறைப்புக்குத் தந்ததை வெளியில் விற்றால் குற்றம். எண்ணெயும் போகும், மெசினும் போகும்.

"எங்கடை பெடியனை இரண்டு தரம் அனுப்பினனான்" என்றார் செல்வரட்ணம். "விக்கிறதுக்கில்லை எண்டு சொல்லி, தேத்தண்ணி குடுத்து அனுப்பிப்போட்டா."

தியாகலிங்கம் சிரித்தான். "அவங்களுக்குக் கேக்கத் தெரியாது."

அந்தச் சிரிப்பை நினைத்து அவன் பின்னாளில் எத்தனை தரம் தலையில் அடித்துக்கொண்டான்! அப்போது சிரித்துவிட்டான். சிரித்தபிறகுதான் மனதுக்குள் ஏதோ முள்ளாகக் குத்தியது.

"விக்க மாட்டன் எண்டு சொன்ன மனிசியிட்டைத் திரும்பப் போறது சரியோ?"

"விக்காத ஆள் எண்டால் நீங்கள் எப்பிடிக் கேட்டாலும் விக்க மாட்டாதானே? பிறகென்ன பயம்?"

அந்தக் கேள்வியில் எங்கேயோ ஒரு பிழை இருந்தது. இருந்தது என்று தெரிந்தது, எங்கே என்று சொல்ல வாய் வரவில்லை. அதோடு, உள்ளதைச் சொல்வதென்றால், அந்தப் பெண்ணை அசைத்துக் காட்டவேண்டும் என்று அவனுக்கே ஓர் ஆசை. மேடையில்லாமல் எவ்வளவு காலம்! போகிறேன் என்று ஒப்புக்கொண்டான்.

என்ன வேஷம் போடுவது என்று அவனே யோசித்தான். நோய் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போ என்பாள். பிள்ளை படிக்க என்றால் தேங்காயெண்ணெய் விளக்கைக் கொளுத்து என்பாள். செத்த வீடு என்றால்? செத்த வீட்டுக்கு இல்லையென்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கு வாய் வரும்? சண்டை பிடித்த பக்கத்து வீட்டுக்காரன்கூட, வந்த சனம் இருக்க வேலிக்கு மேலால் வாங்கு எடுத்துத் தருவானே.

சவரம் செய்யாத முகத்தோடு, மேலில் சட்டையில்லாமல், வேட்டிக்கு மேலே இடுப்பில் துவாயைக் கட்டிக்கொண்டு அவன் அவளுடைய படலையில் போய் நின்றான். மத்தியானம் திரும்பிய நேரம். காவல்துறைப் பெடியள் மூன்று பேர் ஒழுங்கை வளைகிற முடக்கில், கிடுகு வேலிக்குப் பின்னால். துவாயால் அவன் முகம் துடைத்தால் ஓடி வருவதாக ஏற்பாடு.

ஞானாம்பிகை தோட்டத்திலிருந்து ஈரக் கையோடு வந்தாள். ஐம்பது வயது மதிக்கலாம். வெயிலில் காய்ந்த முகம்.

"ஆர் தம்பி? உள்ளுக்கு வாருமன்."

"வரேல்லை அம்மா. துடக்கு. செத்த வீட்டிலையிருந்து வாறன்."

"ஐயோ! ஆர் மோசம் போனது?"

"என்ரை அம்மா."

"எந்த ஊர்? ஆற்றை ஆக்கள்?"

இந்தக் கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் வயதைப் பற்றிப் பொய் சொல்லலாம், சம்பளத்தைப் பற்றிப் பொய் சொல்லலாம். ஊரையும் உறவையும் பற்றி மட்டும் பொய் சொல்ல முடியாது. அந்த ஊரில் எந்தக் கோயிலடி, யாருக்கு என்ன முறை என்று அடுத்த கேள்வியிலேயே குடைந்து எடுத்துவிடுவார்கள். அதனால் அவன் ஊர் பேரை மாற்றவில்லை. செத்தது மட்டும் பொய், மற்றதெல்லாம் மெய்யாக இருக்கட்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். பெரிய கெட்டிக்காரன்!

"நீர்வேலி. பொன்னையாவின்ரை மனிசி, நல்லம்மா."

ஞானாம்பிகை நெஞ்சில் கையை வைத்தாள்.

"நல்லம்மா அக்காவோ? ஐயோ, என்ரை அம்மாவும் நீர்வேலி தானே! நான் பெரிய பிள்ளையான நேரம் அவதான் வந்து எனக்குத் தலை பின்னிப் பூ வைச்சவ. ஒருவகையிலை நீர் எனக்குப் பெறாமகன் முறை. நான் இவ்வளவு காலமும் ஒருக்கால் போய்ப் பாக்கேல்லையே... உந்தச் சண்டையாலை ஒரு இடமும் போகேல்லையே..."

அவள் படலைக் கதியாலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாத அழுகை. தோள் மட்டும் குலுங்கியது. தியாகலிங்கத்துக்கு அதுவரை ஓடிக்கொண்டிருந்த கண்ணீர் டக்கென்று நின்றுவிட்டது. மேலே பார்த்தான். வரவில்லை. வாழ்நாளில் முதல் தரம் வரவில்லை. அந்த இடத்திலேயே திரும்பிப் போயிருக்கலாம். "ஒண்டுமில்லை அம்மா, சொல்லிப்போட்டுப் போக வந்தனான்" என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல் நாக்கில் வந்துதான் நின்றது. ஆனால் வேலிக்குப் பின்னால் மூன்று பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவனுக்கு நாடகத்தைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லை.

"இரவைக்கு லைற் கொளுத்த வீட்டிலை ஒரு சொட்டு எண்ணையில்லை அம்மா. பிரேதத்தை இருட்டிலைதான் வைச்சிருக்கவேணும் போலை கிடக்குது."

அவள் உடனே வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் போனாள். கடதாசித் திரணையால் வாய் அடைத்த போத்தல்கள் மூன்றைக் கொண்டுவந்து, துடக்குக்காரனுக்குக் கையில் கொடுக்காமல், படலைக்கு வெளியே நிலத்தில் வைத்தாள்.

"கொண்டு போம் மோனை. காணாட்டில் ஆளை அனுப்பும்."

அவன் காசை நீட்டினான். அவள் பதறிப்போனாள்.

"உதென்ன வேலை? நல்லம்மா அக்காவுக்கு எரியிற வெளிச்சத்துக்கு நான் காசு வாங்கிறதோ? கொண்டு போம்."

காசு வாங்காவிட்டால் அது விற்பனை இல்லை. விற்பனை இல்லையென்றால் குற்றமும் இல்லை. அது அவனுக்கு நன்றாகவே தெரியும். அந்த நிமிஷத்தில் அவன் செய்ததைத்தான் சொல்லக் கூசுகிறது.

"அம்மா, பெத்த தாயின்ரை கடைசி வெளிச்சம். இரவல் எண்ணையிலை எரிஞ்சால் அவ கடனோடை போறமாதிரி. மகன் தன்ரை காசு குடுத்து வாங்கினதாய் இருக்கவேணும் எண்டு பெரியாக்கள் சொல்லிவிட்டவை. கையிலை வாங்குங்கோ. அப்பத்தான் அவவுக்குப் போய்ச் சேரும்."

ஞானாம்பிகை எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்தாள். செத்த ஆளைக் கடன்காரியாக அனுப்ப யாருக்கு மனம் வரும்? துடக்கையும் பார்க்கவில்லை. "நான் தலைக்குத் தோஞ்சால் போச்சு" என்று சொல்லி, இரண்டு கையாலும் அந்தத் தாளை வாங்கினாள்.

அவன் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

பெடியள் பாய்ந்து வந்தார்கள். அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோதும் பாதிதான் விளங்கியது. அவர்கள் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இவனும் தன்னோடு சேர்ந்து அகப்பட்டுக்கொண்டான் என்று நினைத்தாள். "தம்பிமார், என்னை என்னவும் செய்யுங்கோ. உந்தப் பிள்ளையை மறிக்காதேங்கோ. வீட்டிலை பிரேதம் கிடக்குது. எண்ணையையும் குடுத்து விடுங்கோ" என்று கும்பிட்டாள். ஒருத்தன் அடக்கமாட்டாமல் சிரித்தான். மற்றவன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதுவரை வேலிப் பொட்டால் பார்த்துக்கொண்டு நின்ற அடுத்த வளவுக் குணலட்சுமி இப்போது வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"குணம், நாளை மத்தியானம் நீர்வேலிக்குச் சோறு சமைச்சுக் கொண்டுபோய்க் குடடி. பொன்னையாவின்ரை வீடு. செத்த வீட்டிலை உலை வைக்க மாட்டினம். என்ரை பேரைச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே ஞானாம்பிகை வண்டியில் ஏறினாள். பின்னால் பரலும் மெசினும் ஏறின. தோட்டத்தில் வெங்காயம் விரல் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. வாய்க்காலில் தண்ணீர் பாதி வழியில் நின்றுபோயிருந்தது.

அவன் வீட்டுக்கு வந்தபோது நல்லம்மா முற்றத்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். "எங்கை மோனை திரிஞ்சிட்டு வாறாய், மேலிலை சட்டையும் இல்லாமல்?" என்றாள். அவளுடைய கை அசைவதையும், கழுத்து நரம்பு துடிப்பதையும், வெற்றிலை போட்ட வாய் சிவந்திருப்பதையும் அவன் பார்த்தான். பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் கூசியது. பேசாமல் கிணற்றடிக்குப் போய்த் தலையில் வாளி வாளியாக வார்த்தான்.

"என்னடா, செத்த வீட்டுக்குப் போனனியே?"

"ஓம்."

"ஆர் மோசம் போனது?"

"தெரிஞ்ச ஆள் ஒராள்."

"பாவம்" என்றாள் நல்லம்மா.

அடுத்த நாள் மத்தியானம் குணலட்சுமி சைக்கிளில் வந்து இறங்கினாள். பின் கரியரில் பெட்டி நிறையச் சோறு, மரக்கறி, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல். படலையில் நின்று சுற்றிலும் பார்த்தாள். பந்தல் இல்லை. பறை இல்லை. ஒரு சனமும் இல்லை.

"அம்மா, இது பொன்னையாவின்ரை வீடுதானே? பிரேதம் எடுத்தாச்சோ?"

"ஆற்றை பிரேதம் பிள்ளை?"

"நல்லம்மா அக்காவின்ரை. அச்சுவேலி ஞானாம்பிகை அக்கா சோறு குடுத்து விட்டவ."

"நான்தான் நல்லம்மா."

குணலட்சுமி பெட்டியை நழுவவிடப் பார்த்தாள். நல்லம்மா அதைத் தாங்கிப் பிடித்து வாங்கினாள். உள்ளே சன்னலுக்குப் பின்னால் நின்ற தியாகலிங்கம் நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று நினைத்தான். நிலம் ஏன் பிளக்கிறது? "தியாகு, இஞ்சை வா" என்று தாய் கூப்பிட்டாள். வந்தான். குணலட்சுமி அவனைக் கண்டதும் கையை நீட்டினாள்.

"உவர்தான்! உவர்தான் தாய் செத்துப்போச்சு எண்டு நிண்டு அழுதவர்! அட பாவி, உன்னையும் பிடிச்சுப்போட்டாங்கள் எண்டெல்லோ அந்த மனிசி உனக்காகக் கும்பிட்டது! இப்ப விளங்குது. நீ அவங்கடை ஆள்!"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். போத்தலை நிலத்தில் வைத்தது, காசு வேண்டாம் என்றது, கடனோடு போவாள் என்று இவன் சொன்னது, எல்லாம் வேலிக்கப்பால் நின்று பார்த்தும் கேட்டும் இருந்தாள். ஞானாம்பிகையைப் போய்ப் பார்க்கவும் விடுகிறார்களில்லை என்றாள். "வெங்காயத்துக்கு நாங்கள் வாளியாலை அள்ளி ஊத்திறம். எவ்வளவுக்கு ஊத்திறது?" என்று மூக்கைச் சிந்தினாள். போகும்போது பெட்டியைத் தொடவில்லை. செத்த வீட்டுக்கென்று கொண்டுவந்த சோற்றைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நல்லம்மா வாழையிலை வெட்டிவந்து விரித்தாள். சோற்றை இட்டாள். கறிகளை ஒவ்வொன்றாக வைத்தாள்.

"சாப்பிடு."

"அம்மா..."

"நான் செத்ததுக்குச் சமைச்ச சோறு. நீ சாப்பிடாமல் வேறை ஆர் சாப்பிடுறது?"

அவன் சாப்பிட்டான். அவள் எதிரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இலை வெறுமையானதும் எழுந்தாள். "அந்தப் பிள்ளைக்கு நான் தலை பின்னி விட்டனான் தியாகு" என்றாள். அதற்குப் பிறகு வழக்கு நாள்வரை அவனோடு ஒரு சொல் பேசவில்லை. நேரத்துக்குச் சாப்பாடு மூடி வைத்திருக்கும். செத்த ஆள் கதைக்காதுதானே.

அவன் செல்வரட்ணத்திடம் போனான்.

"அவ விக்கேல்லை அண்ணை. சும்மா தந்தவ. காசை நான்தான் கையிலை திணிச்சனான்."

"வாங்கினவதானே? சட்டத்திலை ஏன் வித்தாய் எண்டு கேள்வியில்லை. வித்தியோ எண்டதுதான் கேள்வி."

"நான் போகாட்டில் அந்தக் குற்றமே இல்லை. குற்றத்தைச் செய்விச்சது நாங்கள். பிறகு நாங்களே பிடிச்சம். இது என்ன நியாயம்?"

செல்வரட்ணம் கோபக்காரர் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "அண்ணை, நீங்கள் கோட்டிலை உப்பிடிச் சொன்னால், இதுவரைக்கும் நீங்கள் பிடிச்சுத் தந்த எல்லாரும் நாளைக்கு வந்து நிப்பினம், எங்களையும் அழுது ஏமாத்தினவர் எண்டு. அந்த மருந்துக்காரனும் வருவான். அவனையும் விடுறதோ? பிள்ளையளின்ரை மருந்து அண்ணை, யோசியுங்கோ. கேக்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. பொய் சொல்லச் சொல்லேல்லை." பிறகு குரலைத் தாழ்த்தி, "தாயோடை தனிய இருக்கிறியள். காவல்துறைக்கு மாறாய் நிண்டவர் எண்டு ஏன் பேர் எடுப்பான்?" என்றார்.

மருந்துக்காரன் பேச்சில் நியாயம் இருந்தது. கடைசிப் பேச்சில் பயம் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கிற தைரியம் தியாகலிங்கத்துக்கு இல்லை. நியாயத்துக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மேடையில் எத்தனை அரசர்களாக நின்று நீதி பேசியவன்!

வெளிநாடு போன யாரோ ஒருவருடைய பெரிய வீட்டு விறாந்தையில் நீதிமன்றம் நடந்தது. நீதவான் கண்ணாடி போட்ட இளவயதுக்காரர். ஞானாம்பிகையை நேரே வண்டியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அன்று உடுத்த அதே சேலை. தலை வாரவில்லை. அவளுக்குச் சட்டத்தரணி யாரும் இல்லை. தியாகலிங்கம் வந்து நின்றபோது, அவனையும் மறித்துச் சாட்சிக்கு இழுத்து வந்திருக்கிறார்கள் என்ற நினைப்பில் பரிவோடு பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சாட்சி சொன்னான். போனேன். மண்ணெண்ணெய் கேட்டேன். மூன்று போத்தல் தந்தா. காசு கொடுத்தேன். கையில் வாங்கினா. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. செல்வரட்ணம் தலையை ஆட்டினார்.

நீதவான் அவளைப் பார்த்தார். "அம்மா, நீங்கள் உவரிட்டை ஏதும் கேக்க விரும்பினால் கேக்கலாம். அது உங்கடை உரிமை."

"நானோ ஐயா?"

"ஓம். எதையும் கேளுங்கோ."

அவள் சேலையைச் சரிசெய்துகொண்டாள். விறாந்தையில் நின்ற சனம் கழுத்தை நீட்டியது. ஏன் என்னைக் காட்டிக்கொடுத்தாய் என்று கேட்பாள், திட்டுவாள், மண்ணை அள்ளித் தூற்றுவாள் என்று தியாகலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். திட்டினால் நல்லாயிருக்கும் என்றுகூட இருந்தது.

"தம்பி, அம்மாவை எப்ப எடுத்தனீங்கள்?" என்று கேட்டாள் ஞானாம்பிகை. "வெளிச்சத்துக்கு என்ன செய்தனீங்கள்? உவை எண்ணையையும் பறிச்சுப் போட்டினமே. நான் வந்து ஒருக்கால் முகம் பாக்கேலாமல் போச்சு. குறை நினையாதையும் மோனை."

தியாகலிங்கம் திரும்பவும் சுவரைப் பார்த்தான்.

"பதில் சொல்லும்" என்றார் நீதவான்.

"எடுக்கேல்லை."

"என்ன?"

"அம்மா சாகேல்லை ஐயா. வீட்டிலை இருக்கிறா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் ஞானாம்பிகையின் முகத்தில் வந்ததே ஒரு சந்தோஷம்! இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். "உயிரோடை இருக்கிறாவோ! சந்நிதி முருகா! நல்லம்மா அக்கா உயிரோடையோ!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டாள். கண்ணீர் ஓடியது. அவளுக்கு முதலில் வந்தது அதுதான், அந்தச் சந்தோஷம். மற்றது பிறகுதான் மெல்ல மெல்ல விளங்கியது. கைகள் தாமாக இறங்கின. வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவன் பக்கம் அவள் திரும்பவேயில்லை.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். கேட்டதற்கும் சொன்னான், கேளாததற்கும் சொன்னான். முன்னம் இரண்டு தரம் ஆள் போய் அவள் மறுத்ததைச் சொன்னான். கடனோடு போவாள் என்று தான் இட்டுக்கட்டியதைச் சொன்னான். நீதவான் எழுதுகிறதை நிறுத்திவிட்டு செல்வரட்ணத்தைப் பார்த்தார்.

"இல்லை எண்டு சொன்ன ஆளிட்டைத் திரும்பத் திரும்பப் போய், கடைசியிலை செத்த வீடு எண்டு அழுதால் நானும்தான் குடுப்பன். நீங்களும் குடுப்பியள். இதிலை நீங்கள் கண்டுபிடிச்ச குற்றம் என்ன?"

"சட்டப்படி..." என்று தொடங்கினார் செல்வரட்ணம்.

"சட்டப்படிதான் கேக்கிறன். விக்கிறவனைப் பிடிக்கத்தான் உங்களை விட்டது. விக்காத ஆளை விக்கப்பண்ணிறதுக்கு இல்லை."

வழக்கைத் தள்ளினார். மெசினையும் எண்ணெயையும் பொழுதுபடமுன் வீட்டில் கொண்டுபோய் இறக்கச் சொன்னார். தியாகலிங்கத்துக்குத் தண்டனை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெளியே வேப்பமரத்தின் கீழ் குணலட்சுமி சைக்கிளோடு நின்றாள். ஞானாம்பிகை அவளிடம் முதலில் கேட்டது வெங்காயத்தைத்தான். "பாதி கருகிப்போச்சு அக்கா. கிணத்தடிப் பக்கம் மட்டும் நிக்குது" என்றாள் அவள். தியாகலிங்கம் கிட்டப் போனான். காலில் விழவேண்டும் என்றுதான் வந்தான். விழுந்தால் அதையும் நடிப்பு என்று நினைப்பாளோ என்று முழங்கால் மடியாமல் நின்றது. கண்ணும் வறண்டு கிடந்தது.

"அம்மா, என்னை மன்னிக்கவேணும்" என்றான்.

ஞானாம்பிகை அவனைப் பார்க்காமல், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டே பேசினாள்.

"அக்காவுக்குச் சொல்லும், நான் சுகம் விசாரிச்சனான் எண்டு. வெங்காயம் கிண்டினாப்போலை வந்து பாக்கிறன் எண்டு சொல்லும்."

"ஓம் அம்மா."

அவள் சைக்கிளில் ஏறப்போனாள். பிறகு ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்றாள்.

"அவவுக்கு ஒரு நாள் உண்மையா ஏதும் நடந்தால் எனக்குச் சொல்லி அனுப்பவேணும். எந்த நேரமெண்டாலும் வருவன். ஆனால் நீர் வரவேண்டாம் தம்பி. வேறை ஆரையும் அனுப்பும். நீர் வந்து நிண்டு அழுதால் எனக்கு நம்ப மனம் வராது."